இரு கோபுரங்களும் ஒரு பகற்பயணமும்

இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில் செவிலியராகப் பணியாற்றும் எங்கள் மகள், சென்ற திங்களில் ஒரு விடுமுறை நாளன்று தன் கணவரோடு இரயிலேறிப் பீசா நகருக்குச் சென்று, மாலைக்குள் திரும்பிவிட்டாள். ஒரு மணி நேரப் பயணந்தானாம். சாய்ந்த கோபுரத்தின் முன் நின்று எடுத்த நிழற்படத்தை எங்களுக்கு அனுப்பியிருந்தாள். எங்கள் கண்களோ கோபுரத்தில் நிற்கவில்லை. ஏழு மாதக் கருவைச் சுமந்து நின்ற மகளின்மீதே நின்றன. "பேறுகாலத்துக்கு அம்மா வரவேண்டும்" என்று அவள் பலமுறை கேட்டும், விடை கூறாமல் நாளைக் கடத்தி வந்தோம். கடல் கடந்து சென்றறியாதவர்கள் நாங்கள். மேலும், வீட்டில் 82 வயதான எங்கள் அன்னையார் இருக்கிறார்.

பிள்ளைகள் 'அப்பத்தா' என்றழைக்கும் அம்மூதாட்டியிடம் படத்தைக் காட்டினோம். கூர்ந்து நோக்கியவர், "எங்கள் ஊர்க் கோபுரம் நேராகவே நிற்கிறதே! அதை நின்று பார்க்க உங்களுக்கு ஒரு நாள் கிடைத்ததா?" என்றார். வெட்கமாயிற்று. மதுரையில் வாழும் நாங்கள், அவர் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரைப் பேருந்தில் கடந்து சென்றோமேயன்றி, இறங்கி நின்று கண்டதில்லை.

மறுவாரமே அப்பத்தாவை அழைத்துக்கொண்டு செங்கோட்டை வண்டியில் புறப்பட்டோம். திருமங்கலம், விருதுநகர், சிவகாசி என நிலையங்கள் ஒவ்வொன்றாய்ப் பின்சென்றன. விருதுநகரிலிருந்து தென்காசிக்குப் பாதை போடப்பட்டது 1927-ஆம் ஆண்டில். தம் இளமையில் கரி வண்டி இதே வழியில் ஊர்ந்து சென்றதை அப்பத்தா சொல்லிக்கொண்டே வந்தார். மேற்கு மலைத்தொடர் நீலமாய்த் தெரியத் தொடங்கியதும் அவர் பேச்சு நின்றுவிட்டது.

வடபத்ரசாயி கோயிலின் இராசகோபுரத்தைத் தெருவில் நின்றே அண்ணாந்து நோக்கினோம். பதினொரு நிலைகள், 192 அடி உயரம். தமிழக அரசின் சின்னத்தில் காண்பது இக்கோபுரமே என்று பலரும் கூறுவர். பீசாக் கோபுரம் ஏறத்தாழ 56 மீட்டர். இது அதனினும் சற்றே உயரம்! 1173-இல் கட்டத் தொடங்கிய அக்கோபுரம், அடிமண் மென்மையாக இருந்தமையால் கட்டும்போதே சாய்ந்தது. விழுந்துவிடுமோ என்று அஞ்சி 1990-இல் அதனை மூடினர். எதிர்ப்புறத்து அடிமண்ணைச் சிறிது சிறிதாய் அகழ்ந்தெடுத்துச் சாய்வைக் குறைத்து, 2001-இல் மீண்டும் திறந்தனர்.

அப்பத்தாவோ கோபுரத்தடியில் நெடுநேரம் நிற்கவில்லை. "மடவார் வளாகத்துக்குப் போவோம்" என்றார். அவர் பிறந்த வீடு அதனருகில்தான் இருந்தது. ஆட்டோவில் சென்றோம். வீடிருந்த இடத்தில் இன்று கடைகள் நிற்கின்றன. வைத்தியநாத சுவாமி கோயிலுக்கு எதிரே ஒரு கடைத்திண்ணையில் அமர்ந்துகொண்டார். மடவார் என்றால் மகளிர். பேறுகால வேளையில் தாய் வந்து சேராததால் வழியில் தவித்த ஒரு பெண்ணுக்கு, இறைவனே தாயின் உருவில் வந்து மகப்பேறு பார்த்தான் என்பது இத்தலத்தின் வரலாறு. அண்டை வீட்டார் சொல்லச் சிறுவயதில் கேட்டதை எங்களுக்குச் சொன்ன அப்பத்தா, சற்றுப்பொறுத்துத் தம் கதையையும் சொன்னார்.

"எனக்குத் தலைப்பிள்ளை விருதுநகரில் பிறந்தது. ஒன்பதாம் மாதம் அழைத்துவருவதாக இருந்தார்கள். எட்டிலேயே வலி கண்டுவிட்டது. செய்தி கிடைத்து அம்மா நிலையத்துக்கு ஓடிவருவதற்குள் வண்டி போய்விட்டது. மறுநாள்தான் வந்தாள். இரவெல்லாம் பக்கத்து வீட்டு அம்மாள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் நன்றாயிருக்கட்டும். ஆனாலும் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்."

பிறகு மருமகள் பக்கம் திரும்பி, "நீ போய் வா, தாயி. என்னைப் பார்த்துக்கொள்ள என் மகன் இருக்கிறான்" என்றார்.

அறுபதாண்டுகளாக எவரிடமும் கூறாத சொல் அது. எங்களுக்கு மறுமொழி எழவில்லை.

ஊரின் புகழ்பெற்ற பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதில் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு மாலை வண்டியில் ஏறினோம். சிவகாசி தாண்டுமுன் அப்பத்தா உறங்கிவிட்டார். விருதுநகர் நிலையத்தில் வண்டி நின்றபோது, நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் நோக்கினோம். அன்றிரவே, "அம்மா வருகிறாள்" என்று மகளுக்குச் செய்தி அனுப்பினோம்.

அன்பு வாசகர்களே, உங்கள் இல்லத்திலும் பதில் கூறாமல் தள்ளிவைத்த அழைப்பு ஒன்று இருக்கக்கூடும். சாய்ந்ததாயினும் நிமிர்ந்ததாயினும் கோபுரங்கள் நமக்காகக் காத்து நிற்கும். வாசலை நோக்கிப் படுத்திருக்கும் பிள்ளைக்கோ, மறுநாள் வண்டி காலங்கடந்த வண்டியே.