நுரைக் காப்பியும் பயர் ஆபீஸ் அப்பாவும்

கப்புச்சினோ குடிக்க மதுரை வரைக்கும் பஸ் ஏற வேண்டியதில்லை. பெரிய மெஷினும் வேண்டாம், கரன்ட்டும் வேண்டாம். ‘மோக்கா பாட்’ என்கிற சின்ன அலுமினியப் பாத்திரம் ஒன்றும், நம் வீட்டு கேஸ் அடுப்பும் போதும். எங்கள் விருதுநகர் வீட்டில் தினமும் விடிகாலையில் அதைப் போடுகிறவர் 74 வயது அப்பா. சிவகாசியில் 30 வருஷத்துக்கு மேல் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர். ஆலை என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை, ‘பயர் ஆபீஸ்’தான்.

அப்பா அடுப்பைப் பற்ற வைக்கிறார் என்றால் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் நம்புவதில்லை. நான் எட்டாவது படிக்கும்போது அவர் வேலை பார்த்த இடத்தில் மருந்துக் கலவை அறை வெடித்தது. தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்ததால் அப்பா பிழைத்தார். கூட வேலை பார்த்த ஒரு மாமா வீடு திரும்பவில்லை. அதன் பிறகும் அப்பா வேலைக்குப் போனார், வேறு வழியில்லை. ஆனால் வீட்டில் தீப்பெட்டியைத் தொட மாட்டார். குக்கர் விசில் வரப்போகிறது என்றால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். ஊருக்கே பட்டாசு செய்து அனுப்பியவர் வீட்டில், தீபாவளிக்கு ஒரு மத்தாப்பு கூடக் கிடையாது.

அம்மா இருந்தவரை இது ஒரு பிரச்னையாகவே தெரியவில்லை. அம்மா போனபின் அப்பா எங்களோடு வந்துவிட்டார். பயர் ஆபீஸ் பழக்கம், நாலரைக்கே விழிப்பு வந்துவிடும். ஃப்ளாஸ்க்கில் வைத்த காப்பி அவருக்கு ஆகாது. எங்களை எழுப்பவும் மனசு வராது. இருட்டில் பெரிய ரோட்டைக் கடந்து டீக்கடைக்கு நடந்து போவார். லாரிகள் பறக்கிற ரோடு. அவருக்கு அடுப்பு பயம், எனக்கு அந்த ரோடு பயம்.

பெங்களூருவில் வேலை பார்க்கும் என் மகள் போன பொங்கலுக்கு மோக்கா பாட் வாங்கி வந்தாள். அங்கே ஒரு கப் கப்புச்சினோவுக்கு 200 ரூபாய்க்கு மேல் கொடுத்து அலுத்துவிட்டதாம். அவள் அதை அடுப்பில் ஏற்றியதும் அப்பா வாசற்படியில் நின்றுகொண்டார்.

“வாய் தொறந்திருந்தா புஸ்வாணம், வாய அடச்சா அணுகுண்டு. இதுக்கு வாய் எங்கம்மா இருக்கு?”

நான் அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைக்கத்தான் பார்த்தேன். மகள் வேறு மாதிரி. அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, பாத்திரத்தை மூன்றாகக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

கீழே இருப்பது தண்ணீர் அறை. நடுவில் காம்புள்ள வடிகட்டிக் கிண்ணம், அதில்தான் காப்பித்தூள். மேலே டிகாக்‌ஷன் வந்து சேரும் ஜாடி. தண்ணீர் சுட்டதும் உள்ளே அடைபட்ட காற்றும் ஆவியும் விரிந்து, தண்ணீரைக் காம்பு வழியே தூள் மேல் தள்ளும். அங்கிருந்து டிகாக்‌ஷனாக மேலே பொங்கி வரும். நம் பித்தளை பில்டரில் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்குவது, இதில் ஐந்தாறு நிமிஷத்தில் மேலே ஏறிவிடுகிறது. 1933-ல் இத்தாலியில் அல்ஃபோன்சோ பியாலெட்டி என்பவர் கொண்டுவந்தது.

“சரி, வழி அடச்சிக்கிட்டா?” என்றார் அப்பா.

தண்ணீர் அறையின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பித்தளைக் குமிழை மகள் காட்டினாள். அழுத்தம் அளவு மீறினால் அதன் வழியாக ஆவி வெளியேறிவிடும். அப்பா டார்ச் அடித்துப் பார்த்தார். குண்டூசித் தலை மாதிரி இருப்பதை விரலால் அழுத்திப் பார்த்தார். பயர் ஆபீஸ் அறைகளில் கதவுகள் வெளிப்பக்கம்தான் திறக்கும். ஆபத்தென்றால் தள்ளிக்கொண்டு ஓடுவதற்கு. “இதுக்கும் கதவு வெளிப்பக்கமாத்தான் தொறக்குது” என்றார். நான்காம் நாள் அவரே பற்ற வைத்தார். கை நடுங்கியது. நானும் மகளும் பார்க்காத மாதிரி நின்றுகொண்டோம்.

இனி செய்முறை. மூன்று கப் பாட் என்றால் இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும். தண்ணீர் அந்தக் குமிழுக்குக் கீழேயே நிற்க வேண்டும். காப்பித்தூளைக் கிண்ணம் நிறையப் போட்டு மட்டமாகத் தட்டினால் போதும். பில்டரில் அமுக்குகிற மாதிரி அமுக்கக் கூடாது. (“மருந்த இறுக்கி அடச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?”) விருதுநகர் வியாபாரத்தில் பருப்பு, எண்ணெய், வத்தலோடு காப்பிக்கொட்டைக்கும் சிக்கரிக்கும் இடம் உண்டு என்பதால் நமக்குச் சிக்கரி நாக்கு. ஆனால் இதற்குச் சிக்கரி வேண்டாம். தண்ணீரில் குழைந்து வழியை அடைக்கப் பார்க்கும். அரைக்கிற கடையில் சொல்லி, சிக்கரி கலக்காத தூளைக் கொஞ்சம் கொரகொரப்பாக வாங்குங்கள்.

சிறிய பர்னரில், குறைந்த தீயில் வையுங்கள். களகளவென்று சத்தம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். விட்டால் கசக்கும்.

அடுத்தது நுரை. பால் கொதிக்கவே கூடாது. 60 முதல் 65 டிகிரி, அதாவது விரல் வைத்தால் பொறுக்க முடியாமல் வெடுக்கென்று எடுக்கிற சூடு. பாக்கெட் பால் ஏற்கெனவே பதப்படுத்தியது என்பதால் பயமில்லை. நுரையைப் பிடித்து நிறுத்துவது பாலின் புரதம். அளவு மீறிச் சூடானால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். பாலை உயரமான டம்ளரில் ஊற்றி, சின்ன மோர் மத்தால் அரை நிமிஷம் கடைந்தால் போதும். டம்ளரும் டவராவுமாக ஆற்றும்போது வருவது பெரிய குமிழி, உடனே உடையும். இது வெண்ணெய் மாதிரி நிற்கும். டிகாக்‌ஷன் மேல் பாலை மெதுவாக ஊற்றி, கடைசியில் நுரையைக் கரண்டியால் எடுத்து வையுங்கள். வருகிற பழுப்பு நிறம் கப்புச்சின் துறவிகளின் அங்கி நிறம். பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

காப்பிக் கடை மெஷின் சுமார் 9 பார் அழுத்தத்தில் இறக்குவதை, இது ஒன்றரை பார் அளவில்தான் செய்கிறது. அதனால் இது அசலுக்குத் தம்பிதான். ஆனால் நல்ல தம்பி.

அப்பா தன் பங்குக்குச் சமையலறையில் சட்டம் போட்டிருக்கிறார். பாட் அடுப்பில் இருக்கும்போது செல்போன் கூடாது. நைலான் நைட்டியோடு பக்கத்தில் வரக் கூடாது. முழுக்க ஆறாமல் திருகிக் கழற்றக் கூடாது. குமிழ் நம் முகத்தைப் பார்த்து இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை குமிழையும் ரப்பர் வளையத்தையும் அவரே சோதிப்பார். இந்தச் சட்டம் இப்போது குக்கருக்கும் பொருந்தும். விசில் வந்தால் திண்ணைக்குப் போகாமல் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

பயப்படுகிறவரிடம் ‘பயப்படாதீங்க’ என்று இத்தனை வருஷம் எல்லோரும் சொன்னோம். கழற்றிக் காட்டியது ஒருத்திதான். உங்கள் வீட்டிலும் கேஸையோ, மொபைல் பேங்கிங்கையோ, லிஃப்ட்டையோ பார்த்துத் தள்ளி நிற்கிற பெரியவர் ஒருவர் இருப்பார். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, எங்கே என்ன இருக்கிறது, தப்பு நடந்தால் எந்த வழியாக வெளியே வரலாம் என்று பொறுமையாகக் காட்டிப் பாருங்கள். ஒரு வாரம் ஆகலாம், போகட்டும்.