செங்குன்றத்துக் கல் வந்த தடம்

ஜனவரி 6

காலையில் மூலக்கடையிலிருந்து புழல் வரை ஜி.என்.டி. ரோட்டில் நடந்தேன். 1837-இல் செங்குன்றத்திலிருந்து சாலை போடுவதற்கான கல்லைத் தண்டவாளத்தில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் ஓடிய முதல் ரயில் அதுதான். அதற்கு முந்தைய ஆண்டே சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தருகே ஒரு துண்டுத் தண்டவாளம் போட்டு வெள்ளோட்டம் பார்த்திருந்தார்கள். வழிநெடுக நான் பார்த்தவரை இதைச் சொல்லும் பலகை எதுவும் இல்லை.

ஜனவரி 9

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய அட்டவணைகளைப் புரட்டினேன். செங்குன்றத்துப் பாதையை அமைத்தவர் பொறியாளர் ஆர்தர் காட்டன். கல்லை மாட்டுவண்டியில் கொண்டுவந்தால், போட வேண்டிய சாலையை அந்த வண்டிச் சக்கரமே குழியாக்கிவிடும். இரும்புத் தடத்தில் உராய்வு குறைவு. அதே மாடு பல மடங்கு பாரம் இழுக்கும். நீராவி எஞ்சினையும் முயன்றிருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் இழுத்தவை கால்நடைகள்தாம். இங்கிலாந்தில் ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதை திறந்து பன்னிரண்டே ஆண்டுகளில் இது நம் ஊருக்கு வந்துவிட்டது.

ஜனவரி 18

புழல் ஏரிக்கரையில் ஓர் ஆயாவிடம் கேட்டேன். “இங்க ஏதுப்பா ரயிலு? எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் ஏரிதான்” என்றார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. 1845-லேயே பாதை மூடப்பட்டது. 1870-களில் நகரத்தின் குடிநீருக்காக ஏரியைப் பெரிதாக்கியபோது நிலத்தின் முகமே மாறியது. பாதை மூடிய அதே ஆண்டில் காட்டன் தவளேஸ்வரத்தில் கோதாவரி அணைக்குக் கல் சுமக்கத் தண்டவாளம் போட்டார். பிற்காலத்தில் அவரே ரயிலைவிடக் கால்வாயே இந்த நாட்டுக்கு ஏற்றது என்று வாதாடினார்.

ஜனவரி 25

1853-இல் பம்பாய்–தாணே ரயிலுக்குப் பீரங்கி முழங்கியது. 1856-இல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுக்கு வண்டி கிளம்பியது. பாடநூல்கள் பயணிகள் ஏறிய நாளிலிருந்துதான் கணக்குத் தொடங்குகின்றன. கல் உடைத்தவர், ஏற்றியவர், மாடு ஓட்டியவர் ஆகியோரின் பெயர் எதுவும் நான் பார்த்த தாள்களில் இல்லை. சரக்கு ஓடிய பதினாறு ஆண்டு மூப்பை விட்டுவிட்டு எழுதும் ரயில் வரலாறு அரைகுறை வரலாறுதான். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வாழும் வடசென்னைக்காரனுக்கு அது நன்றாகவே புரியும்.

ஜனவரி 30

மாதவரம் பால்பண்ணையிலிருந்து மெட்ரோவுக்காகச் சுரங்கம் தோண்டியிருக்கிறார்கள். 2022-இல் இங்கே இறங்கிய துளையிடும் எந்திரத்துக்கு ‘நீலகிரி’ என்று பெயர். மெட்ரோ நிர்வாகத்தாரே, புதிய நிலையம் திறக்கும்போது அதன் சுவரில் 1837-இன் கதைக்கும் ஓர் இடம் கொடுங்கள். செங்குன்றம், புழல், மாதவரம்வாசிகளே, வீட்டிலுள்ள பழைய கிரயப் பத்திரங்களின் சக்குபந்தியை ஒருமுறை படித்துப் பாருங்கள். கிழக்கே, மேற்கே என்று எல்லை சொல்லும் வரிகளில் கல் ரோடோ இரும்புப் பாதையோ குறித்திருந்தால், ஒரு நகலை ஆவணக் காப்பகத்தில் சேர்த்துவிடுங்கள்.