ஒரு பந்தயமும் ஜெயிக்காத சாம்பியன்

ரூபே, வடக்கு பிரான்ஸ்
ஏப்ரல், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள செல்வா,

பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயம் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் இங்கே வந்து சேர்ந்தேன். நீ திட்டுவாய் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கேயும் அறை கிடைக்கவில்லை, என்ன செய்ய? ஆனால் கூட்டம் கலைந்த பிறகு வந்ததால், பந்தயப் பாதையில் வரும் ஆரன்பெர்க் காட்டுச் சாலையில் தனியாக நடக்க முடிந்தது.

நூல் பிடித்த மாதிரி 2,300 மீட்டர். கல் பாவிய சாலை என்றதும் கோயில் பிராகாரம்போல நினைத்துவிடாதே. கல்லுக்குக் கல் சாய்மானம் வேறு, இடுக்கெல்லாம் சேறும் பாசியும். 2024-இல் புல்லை மேய ஆடுகளையே கொண்டுவந்து விட்டார்கள். நடக்கும்போதே எனக்கு இரண்டு முறை கால் பிசகியது. இதற்குள் சைக்கிள்காரர்கள் 60 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்திருக்கிறார்கள்!

பக்கத்திலேயே பழைய நிலக்கரிச் சுரங்கம். சிறு வயதில் அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்து, பிறகு 1962-இல் உலக சாம்பியனான ஸ்தாப்லின்ஸ்கிதான் இந்தச் சாலையைப் பந்தயக்காரர்களுக்குக் காட்டிக்கொடுத்தவர். 1968-இல் பந்தயம் முதன்முறையாக இந்த வழியாகப் போனது. இந்தச் சாலைக்கு மேலேயும் அடியிலேயும் போன ஒரே வீரர் அவர்தான் என்பார்கள்.

1998-இல் பெல்ஜியத்தின் யோஹான் முசேவ் இங்கேதான் விழுந்தார். முழங்கால் சிப்பி நொறுங்கி, காயம் அழுகி, காலையே எடுக்க வேண்டிவருமோ என்ற நிலை. 2000-இல் திரும்பி வந்து ஜெயித்தார். கோட்டைத் தாண்டும்போது இடது காலைத் தூக்கி முழங்காலைச் சுட்டிக்காட்டினாரே, அந்தப் படம் உன் அறைச் சுவரில் இருந்தது. (பின்னாளில் ஊக்கமருந்தை ஒப்புக்கொண்டவரும் அவரேதான். அப்போது நீ படத்தைக் கழற்றினாயா என்று கேட்க மறந்தேபோனேன்.)

ரூபே சைக்கிள் மைதானத்தின் குளியலறையையும் பார்த்துவிட்டேன். மாட்டுக்கொட்டில் மாதிரி இடுப்பளவு கான்கிரீட் தடுப்புகள். சங்கிலியை இழுத்தால் தண்ணீர். ஒவ்வொரு தடுப்பிலும் ஜெயித்தவர் ஒருவரின் பெயரும் ஆண்டும் பித்தளைத் தகட்டில். முசேவுக்கு 1996, 2000, 2002.

நீ கேட்ட சைக்கிள் உலகக் கோப்பைக்கு மட்டும் இங்கே ஒரு தடயமும் என் கண்ணில் படவில்லை. 1989-இல் அயர்லாந்தின் ஷான் கெல்லி முதல் கோப்பையை வாங்கியதிலிருந்து 2004 வரை நடந்த போட்டி அது. கடைசி ஆண்டுகளில் மார்ச்சில் மிலான்–சான் ரேமோ தொடங்கி அக்டோபரில் லொம்பார்தியா வரை பத்து ஒருநாள் பந்தயங்கள். முதலில் வந்தால் 100 புள்ளி, இரண்டாவதுக்கு 70. இருபத்தைந்தாவதாக வருபவர் வரை ஏதோ கொஞ்சம். கூட்டிப் பார்த்துக் கோப்பை.

அதன் கடைசி ஆண்டு வேடிக்கையைக் கேள். 2004-இல் இத்தாலியின் ரெபெல்லின் ஒரே வாரத்தில் அந்தப் பத்தில் ஆம்ஸ்டல், லியேஜ் பந்தயங்கள் இரண்டையும் ஜெயித்தார். கோப்பை போனதோ ‘சுவர்க்கோழி’ என்று பட்டப்பெயர் வாங்கிய பாவ்லோ பெட்டினிக்கு. அந்தப் பத்தில் ஒன்றைக்கூட அவர் ஜெயிக்கவில்லை. அநியாயம் என்று சொல்லமாட்டேன். எட்டு மாதம் விடாமல் முன்வரிசையில் நிற்பதும் லேசான காரியமில்லை. அந்த ஆண்டோடு சேர்த்து மூன்று ஆண்டு தொடர்ந்து கோப்பை அவருக்குத்தான். ஆனாலும் ரூபேயின் கல்லுக்கு எலும்பு கனத்த ஆள் வேண்டும், லியேஜின் மேடுகளுக்கு எடை குறைந்த ஆள். இரண்டையும் ஒரே கணக்கில் கூட்டினால் வருவது கூட்டுத்தொகை, பந்தயம் வருமா? 2005-இல் புரோடூர் என்ற புதிய தொடர் வந்து, பலநாள் பந்தயங்களையும் ஒருநாள் பந்தயங்களையும் ஒரே மூட்டையில் கட்டியது. கோப்பை அதோடு போயிற்று.

இன்னொன்று: நீ கேட்ட கல்லைக் கொண்டுவர மாட்டேன். ஞாபகத்துக்கு என்று ஆளாளுக்குப் பெயர்த்துக்கொண்டு போவதால், இந்தச் சாலைகளைப் பராமரிக்கிற தன்னார்வலர்கள் மண்டியிட்டுத் திரும்பப் பதிக்க வேண்டியிருக்கிறது. ஜெயித்தவருக்குப் பரிசே ஒரு கல்தான். வேண்டுமானால் நீயே வந்து ஜெயித்து வாங்கிக்கொள்.

லியேஜ் பந்தயத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். இந்தத் தடவை அறை பிடித்துவிட்டேன்.

உன்,
ரவி