துலும்: கல்லுக்குக் கீழே ஓடும் நதி

மெக்சிகோவின் கரீபியன் கரையில் மாயா கோட்டையும் குகைக் குளங்களும் கூட்டத்தை இழுக்கின்றன. அந்தக் கூட்டமே இப்போது கவலை.

காலையிலேயே வரிசை நீண்டுவிடுகிறது. தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக வரும் பயணிகள் தடித்த மதிலின் குறுகலான வாசலில் ஒருவர் பின் ஒருவராக நுழைகிறார்கள். உள்ளே புல்வெளி, சாம்பல் நிறக் கட்டடங்கள், அவற்றின் மேல் வெயில் காயும் பேரோணான்கள். அப்பால், 12 மீட்டர் உயரப் பாறைக்குக் கீழே நீலமும் பச்சையும் கலந்த கடல்.

மூன்று பக்கம் மதில், நாலாவது பக்கம் கடல். மாயா மொழியில் துலும் என்றாலே மதில்தான். 13-ம் நூற்றாண்டிலிருந்து 15-ம் நூற்றாண்டு வரை செழித்த துறைமுகம் இது. ஆயுதம் செய்ய உதவும் எரிமலைக் கண்ணாடிக் கல் படகுகளில் வந்து இறங்கியது. 1518-ல் ஸ்பானியக் கப்பல்கள் இந்தக் கரையோரமாகச் சென்றன. அதே நூற்றாண்டின் இறுதிக்குள் நகரம் வெறிச்சோடியது. ஸ்பானியர்கள் கொண்டுவந்த நோய்கள் ஒரு முக்கியக் காரணம். எஞ்சியவற்றில் விசித்திரமானது, கோயில் வாசலுக்கு மேல் தலைகீழாக இறங்கும் கடவுளின் சிற்பம். தேனீக்களின் தெய்வம் என்கிறார்கள் சிலர்.

வெயில் ஏறியதும் கூட்டம் காட்டுக்குத் திரும்புகிறது. அங்கே இருப்பவை செனோட்டேக்கள். யுகதானின் வட பகுதியில் தரைக்கு மேல் நதி கிடையாது. மழை நீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, அடியில் குகைகளைக் குடைந்து கடலுக்கு ஓடுகிறது. குகையின் கூரை இடிந்து விழுந்த இடமே செனோட்டே. மாயா மக்களுக்கு அது கிணறு. பாதாள உலகின் வாசலும்கூட. கிரான் செனோட்டேயில் மரப் படிகளில் இறங்கினால், சில்லென்ற தண்ணீர் அடிமணல் தெரியுமளவுக்குத் தெளிவாக இருக்கிறது. தலைக்கு மேல் சுண்ணாம்பு விழுதுகள் தொங்குகின்றன.

இந்த இருட்டில் வரலாறும் மூழ்கிக் கிடக்கிறது. 2007-ல் ஹோயோ நெக்ரோ என்ற குழியில் முக்குளிப்பாளர்கள் ஓர் இளம்பெண்ணின் எலும்புக்கூட்டைக் கண்டார்கள். வயது சுமார் 12,000 ஆண்டுகளுக்கு மேல். 2018 ஜனவரியில் இரண்டு பெரிய நீர்க்குகைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பது தெரியவந்தது. மொத்த நீளம் சுமார் 347 கி.மீ.

பிரச்சினை மேலே இருக்கிறது. கரையோரம் ஓட்டல்கள் பெருகிவிட்டன. 2023 டிசம்பரில் துலுமுக்குச் சர்வதேச விமான நிலையம் வந்தது. அடுத்து மாயா ரயில். அதன் பாதையைத் தாங்க குகைகளின் கூரையைத் துளைத்து இரும்புத் தூண்கள் இறக்கப்பட்டன. குகைகளைக் காப்பாற்றவே பாதையை உயர்த்தியதாக அரசு சொன்னது. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் ஏற்கவில்லை. கழிவுநீர் இன்னொரு கவலை. இந்தப் பாறை சல்லடை மாதிரி. மேலே கொட்டுவது கீழே குகைக்கு, அங்கிருந்து கடலுக்கு, பவளப்பாறைக்குப் போய்ச் சேரும். சுற்றுவட்டாரத்தில் இன்றும் மாயா மொழி பேசும் கிராமங்கள் இருக்கின்றன. அவர்களுக்கும் இதே நிலத்தடி நீர்தான்.

குளத்துக்குள் இறங்குமுன் ஷவரில் குளித்தாக வேண்டும், வெயில் தடுப்புக் களிம்பு கூடாது என்பது விதி. பயணிகள் சமர்த்தாகக் குளித்துவிட்டு இறங்குகிறார்கள். இரவு தங்குவது என்னவோ, அதே தண்ணீருக்கு மேல் கட்டிய ஓட்டலில்தான்.