கக்கின பிள்ளையும் காப்ஸ்யூலும்

இக்காலத்துத் தமிழ் வீடுகளில் பஞ்சாங்கம் இல்லாமலிருக்கலாம். வயிற்றுப் புளிப்பை அடக்கும் மாத்திரை இல்லாத வீட்டைக் காண்பது வெகு அபூர்வம். ஓமிப்ரஸோல், பாண்டோப்ரஸோல் என்று அதற்குப் பல நாமங்கள். காலைக் காப்பிக்கு முன் தாத்தா ஒன்று போட்டுக்கொள்கிறார். அதில் நமக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. அந்த மாத்திரை அலமாரியை விட்டு இறங்கித் தொட்டிலை நோக்கிப் புறப்படும்போதுதான் நமக்குக் கவலை பிறக்கிறது.

நம் தமக்கையின் பேரனுக்கு அப்போது மூன்று மாதம். பால் குடித்த கால் நாழிகைக்கெல்லாம் கக்கிவிடுவான்.

"அத்தை! மாமா போட்டுக்கொள்கிற காப்ஸ்யூலைப் பிரித்து, கால் பங்கைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தால் என்ன?" என்றாள் மருமகள்.

"கக்கின பிள்ளை தக்கும் என்பார்கள், அம்மா! இவன் சிரித்துக்கொண்டல்லவா கக்குகிறான்? தம்பி, நீதான் சொல்லேன்" என்று தமக்கை நம்மைப் பார்த்தாள்.

குழந்தை வைத்தியரிடம் போகலாம் என்றோம். அவர் குழந்தையை நிறுத்துப் பார்த்தார். எடை ஒழுங்காக ஏறியிருந்தது. மருந்து ஒன்றும் எழுதாமல் அனுப்பிவிட்டார். மருமகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றந்தான்.

ஆனால் வைத்தியர் செய்ததே சரி. இரைப்பையின் மேல்வாயை மூடும் தசை சிசுக்களுக்கு இன்னும் முதிர்ந்திராது. உணவோ வெறும் பால். ஆகவே பால் மேலே வருகிறது. நாலாவது மாதத்தை ஒட்டி இது அதிகமாகி, பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானே நின்றுவிடுகிறது. புளிப்பை அடக்கினாலும் கக்குவது நிற்பதில்லை. வருகிற பாலில் புளிப்புக் குறைந்திருக்கும், அவ்வளவுதான். 2009-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பால் குடித்தபின் ஓயாமல் அழுத 162 சிசுக்களில் பாதிப்பேருக்கு லான்ஸோப்ரஸோல் என்ற மருந்தையும், மற்றவர்களுக்கு வெறும் போலி மருந்தையும் கொடுத்தார்கள். இரு சாராரிலும் நூற்றுக்கு 54 பேருக்குக் குணம் கண்டது! மருந்து உண்டவர்களிடையேதான் மார்புச் சளி நோய் முதலிய உபத்திரவங்கள் அதிகம் தோன்றின. வயிற்றுப் புளிப்பு வாயிற்காவலன் அல்லவா? அவனைத் தூங்கவைத்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம்.

இதனால் மருந்தே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. உணவுக் குழாய் புண்ணாகி வலியால் சாப்பிட மறுக்கும் குழந்தைக்கும், குடற்புண் கண்ட குழந்தைக்கும் இது அருமருந்து. கொடுக்கும் முறையில்தான் சூட்சுமம் இருக்கிறது. புளிப்பை அடக்கும் ஓமிப்ரஸோல், புளிப்புப் பட்டால் தானே அழிந்துபோகும்! அதனால்தான் காப்ஸ்யூலுக்குள் இருக்கும் குருணைகளுக்குக் கவசம் போட்டிருக்கிறார்கள். அது இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலில் கரைந்து, ரத்தத்தின் வழியே திரும்பி வந்து வேலை செய்கிறது. குருணையை அம்மியில் அரைத்தாலும் பல்லால் மென்றாலும் கவசம் போச்சு, மருந்தும் போச்சு. வளர்ந்த குழந்தையாயின், வைத்தியர் சம்மதித்தால், ஆப்பிள் மசியலில் தூவி மெல்லாமல் விழுங்கச் செய்யலாம். சிசுவுக்கு அதற்கென்று தயாரித்த திரவ மருந்துதான். தேனோ, ஒரு வயது நிரம்பும் முன் எந்த மருந்தோடும் ஆகாது. அதில் மறைந்திருக்கக்கூடிய ஒருவகை நஞ்சுக்கிருமி சிசுவின் தசைகளை முடக்கிவிடும்.

அளவைக் குழந்தையின் எடையைக் கொண்டு வைத்தியர் கணக்கிடுகிறார். அதைப் பாலாடையிலும் காப்பிக் கரண்டியிலும் அளந்தால் அவர் கணக்கு வீண். மில்லிலிட்டர் கோடு போட்ட ஊசியில்லாத ஸிரிஞ்சு மருந்துக் கடையில் கிடைக்கும். ஆகாரத்துக்கு அரை மணி முன்பு கொடுப்பது உத்தமம். நாலு முதல் எட்டு வாரத்துக்குள் மறுபடி காட்டி, இன்னும் வேண்டுமா என்று கேட்கவேண்டும். நெடுநாள் கொடுத்ததைத் திடீரென்று நாமாக நிறுத்தினால் புளிப்பு முன்னிலும் பொங்கக்கூடும்.

பழைய ரானிடிடீன் புட்டி எங்காவது கிடந்தால் அதை எடுத்துக் கொடுக்க வேண்டாம். புற்றுநோய் விளைக்கக்கூடிய அசுத்தம் அதில் உண்டாவதைக் கண்டு 2020-இல் அமெரிக்கா அதைக் கடைகளிலிருந்து விலக்கச் சொல்லிற்று. 2022-இல் இந்தியாவும் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டது.

கக்கினது பச்சையாக இருந்தாலும், ரத்தம் கலந்திருந்தாலும், பீச்சாங்குழல் போல் தூரத்தில் போய் விழுந்தாலும், எடை ஏறாவிட்டாலும், வயிறு உப்பிப் பால் குடிக்க மறுத்தாலும் அது சாதாரணக் கக்கல் அல்ல. அப்போது பழமொழியும் வேண்டாம், அலமாரியும் வேண்டாம். நடு நிசியானாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படவேண்டியதுதான்.