கல்கத்தாவில் ஜாகை

பிரயாணம் போவதென்று தீர்மானித்தவுடன், எந்த ஊர், எந்த மாதம், எந்த ரயில் என்பவற்றைப் பற்றி வீட்டிலுள்ள எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு நாள்கணக்கில் விவாதிக்கிறவர்கள்கூட, அந்த ஊரில் எங்கே தங்குவது என்ற விஷயத்தை மட்டும் கடைசி நேரத்துக்கு ஒத்திப்போட்டு, யாரோ ஒரு நண்பர் சொன்னார் என்றோ, வாடகை சகாயமாக இருக்கிறதென்றோ, கைப்பேசியில் வந்த படத்தில் படுக்கை விரிப்பு வெள்ளை வெளேரென்று தெரிந்ததென்றோ ஏதேனும் ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டு முடித்துவிடுகிறார்கள். க்ஷேத்திர யாத்திரை போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஸந்நிதித் தெருவில் ஒரு சத்திரம் கிடைத்துவிட்டால் தீர்ந்தது. மாநகரத்துக்குப் போகிறவனுக்கோ ஸந்நிதித் தெரு என்று ஒன்று கிடையாது. கோயில் ஒரு மூலையில், நூதனசாலை வேறொரு மூலையில், நதி ஒரு பக்கம், கடைவீதி மற்றொரு பக்கம் என்று விரிந்து கிடக்கும் ஊரில், அவன் எந்தப் பேட்டையில் பெட்டியை இறக்குகிறானோ அந்தப் பேட்டைதான், சில தினங்களே இருந்து திரும்புகிற அவனைப் பொறுத்த வரையில், அந்த நகரம். மற்றவையெல்லாம் அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்த இடங்கள்.

ஒரு மார்கழியில் நானும் என் மனைவியும் கல்கத்தாவுக்குப் புறப்பட்டோம். அரசாங்கம் 2001-இல் அதைக் கொல்கத்தா ஆக்கிவிட்டதென்றாலும், த. நா. குமாரஸ்வாமி முதலியவர்கள் தமிழாக்கிய வங்க நாவல்களின் மூலமாகவே அந்த ஊரின் சந்துபொந்துகளை அறிந்துகொண்ட என் போன்றவர்களுக்குப் பழைய பெயரே வாயில் வருகிறது. சுமார் 1,660 கிலோமீட்டர் ரயிலில் போய் இறங்கப் போகிற ஊரில் எந்த இடத்தில் ஜாகை வைத்துக்கொள்வது என்பதைப் பற்றி, கேட்டவர்கள் கேளாதவர்கள் எல்லோரும் அபிப்பிராயம் சொன்னார்கள்.

வெளிநாட்டு யாத்திரிகர்கள் வழிவழியாக இறங்குமிடம் சௌரங்கியை அடுத்த ஸடர் தெரு. 1814-இல் ஸ்தாபிதமான இந்திய நூதனசாலை அதன் முனையிலேயே இருக்கிறது. 1874-இல் திறக்கப்பட்ட நியூ மார்க்கெட்டுக்கு நடந்தே போய்விடலாம். மைதானத்தின் ஓரமாகத் தெற்கே போனால் விக்டோரியா ஞாபகார்த்த மண்டபம். இந்தத் தெருவில்தான், 1880-களின் தொடக்கத்தில், இளைஞராயிருந்த ரவீந்திரநாதர் தம் தமையனார் ஜ்யோதிரிந்திரநாதரோடு வசித்த வீட்டின் தாழ்வாரத்தில் ஒரு காலை நின்றுகொண்டு, மரங்களுக்குப் பின்னாலிருந்து சூரியன் எழுவதைப் பார்த்த கணத்தில் கண்ணை மறைத்திருந்த திரை விலகினாற்போன்ற அனுபவத்தை அடைந்து, அதன் பயனாக 'நிர்ஜரேர் ஸ்வப்னபங்க' என்னும் கவிதையை எழுதினார் என்பது அவரே தம் வாழ்க்கை நினைவுகளில் குறித்திருக்கும் செய்தி. கிழக்குப் பார்த்த தாழ்வாரத்தின் மகிமைக்கு இதைக் காட்டிலும் சான்று வேண்டியதில்லை! ஆனால் நான் விசாரித்த அறைகளில் தாழ்வாரமும் இல்லை, கிழக்கும் இல்லை. பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்த ஜன்னல்களே இருந்தன. அது போகட்டும். அந்தத் தெரு முழுவதும் பிரயாணிகளுக்காகவே ஏற்பட்டது. அங்கே நாணயம் மாற்றுகிறவர்களும், வண்டி அமர்த்தித் தருகிறவர்களும், அடுத்த ஊருக்குச் சீட்டு வாங்கித் தருகிறவர்களும் இருக்கிறார்களே ஒழிய, மாவு அரைக்கிறவர்களும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போகிறவர்களும் கண்ணில் படுவது துர்லபம். பிரயாணிகளைப் பார்ப்பதற்காக நான் பிரயாணம் செய்ய வேண்டுமா?

ஸால்ட் லேக் என்கிற பிதான்நகரைச் சிலர் சிபாரிசு செய்தார்கள். உப்பேரிகளைத் தூர்த்து, யுகோஸ்லாவியக் கட்டடக்கலை நிபுணரான தொஷ்கோவிச்சின் திட்டப்படி 1960-களில் எழத் தொடங்கிய அந்தப் பகுதி விசாலமானது, மரங்கள் நிறைந்தது, சந்தடியற்றது. சந்தடியில்லாத இடத்தில் இருப்பதற்கு எங்கள் ஊரே போதும். ஹௌராப் பாலத்தை ஒட்டிய படா பஜாரின் தர்மசாலைகளைப் பற்றியும் ஒரு யோசனை இருந்தது; முன்னெல்லாம் ரயிலடிக்குப் பக்கத்தில் தங்குவதென்பது மூட்டை முடிச்சோடு டாக்ஸிக்காரர்களிடம் வழக்காடுவதைத் தவிர்க்கும் புத்திசாலித்தனமாக இருந்திருக்கலாம். 2024-இல் கங்கைக்கு அடியிலேயே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கி, ஹௌராவில் இறங்குகிறவனைச் சில நிமிஷங்களில் எஸ்பிளனேடில் சேர்த்துவிடுகிற இக்காலத்தில் அந்தக் காரணமும் போய்விட்டது.

எல்லாவற்றிலும் பலமான சிபாரிசு என் மனைவியின் சித்தப்பாவிடமிருந்து வந்தது. அவர் துறைமுகத்தில் உத்தியோகம் பார்க்கப் போய், ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்ப மனமில்லாமல், தெற்கே லேக் மார்க்கெட்டில் குடியிருப்பவர். சர்க்கார் அலுவலகங்களுக்கும் கம்பெனிகளுக்கும் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடம் அது. கறிவேப்பிலையும் காப்பிப் பொடியும் வாழையிலையும் அங்கே கிடைக்கும் என்பது அவ்வூர்த் தமிழர் எல்லோரும் அறிந்தது. தம் வீட்டில் ஏற்கெனவே மகள் குடும்பம் இருப்பதால், அடுத்த தெருவில் அறை பார்த்துத் தருவதாகத் தொலைபேசியில் சொன்னார். காலேஜ் தெருவில் தங்க எண்ணியிருப்பதாக நான் சொன்னதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"மாப்பிள்ளை, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. லேக் மார்க்கெட்டை விட்டுட்டுக் காலேஜ் ஸ்ட்ரீட்ல போய் யாராவது தங்குவாங்களா? அங்கே ராத்திரி ஒன்பது மணிக்கு மேலே ஒரு இட்லி கிடைக்காது."

"இட்லிதான் வீட்டிலே தினம் இருக்கே, மாமா."

"பொண்ணுக்குப் பேச்சுத் துணை வேண்டாமா?"

"பொண்ணு உங்களைப் பார்க்க வராமலா இருப்பா? மெட்ரோவிலே நேரா காளிகாட் வந்து இறங்கினால் உங்க வீடு."

அவருக்குத் திருப்தியில்லை. உறவினர்களின் அண்டையில் தங்குவதில் உள்ள சங்கடத்தை அவரிடம் எப்படிச் சொல்வது? ஒன்பது மணிக்குப் பலகாரம் வரும். அது வருவதற்கு முன் வெளியே கிளம்பினால் மனஸ்தாபம், வந்த பிறகு கிளம்பினால் பாதிப் பகல் போயிற்று.

இந்தியாவின் முதல் மெட்ரோ ரயிலாக 1984-இல் எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய பாதை இன்று வடக்கே தக்ஷிணேசுவரம் வரையில் நீண்டிருக்கிறது. குயவர்கள் துர்க்கையைக் களிமண்ணில் வனைகிற குமார்துலிக்குச் சோபாபஜார், தாகூர்களின் ஜோராசாங்கோ மாளிகைக்குக் கிரீஷ் பார்க், காளி கோயிலுக்குக் காளிகாட், விக்டோரியா மண்டபத்துக்கு ரவீந்திர ஸதன் என்று, பார்க்கத்தக்கவை எனப்படும் ஸ்தலங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே கோட்டில் அமைந்துவிட்டன. ஆகையால் அவற்றில் எதற்குப் பக்கத்தில் தங்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்வது வீண். ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு வரப் போகிற மண்டபத்துக்கு அருகில் அறை எடுப்பதில் என்ன லாபம்? ஒரே நாளில் இரண்டு தடவையும் மூன்று தடவையும் கால் தானாகவே போகக்கூடிய இடம் எதுவோ, காலை ஒன்பதுக்கு முன்னும் இரவு ஏழுக்குப் பின்னும், சுற்றிப் பார்ப்பதற்குரிய கதவுகள் யாவும் சாத்தியிருக்கும் பொழுதில், சும்மா நிற்பதற்கும் நடப்பதற்கும் ஏற்ற தெரு எதுவோ, அதற்கருகில் இருக்க வேண்டுமென்பது என் கட்சி. என் விஷயத்தில் அது புத்தகக் கடைகள் நிறைந்த காலேஜ் தெரு. பட்டுப்புடவையில் பிரீதியுள்ளவர்களுக்கு வேறு தெரு.

அந்த வட்டாரத்துக்கு வாடகை அறை என்பது புதிதல்ல. 1817-இல் ஹிந்து கலாசாலையாகத் தொடங்கிய பிரஸிடென்ஸி, 1824-இன் ஸம்ஸ்கிருதக் கலாசாலை, 1835-இன் வைத்தியக் கலாசாலை, 1857-இன் சர்வகலாசாலை எல்லாம் கூப்பிடு தூரத்தில் நெருங்கி நிற்பதால், நாட்டுப்புறங்களிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளும், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுக் குமாஸ்தா வேலைக்கு வந்த கிருகஸ்தர்களும் ஒரு மாடி வீட்டைப் பங்கு போட்டு வாடகைக்கு எடுத்து, சமையற்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு நடத்திய 'மெஸ்' வீடுகள் இங்கே மலிந்திருந்தன. சரதிந்து பந்தியோபாத்யாயர் தம் துப்பறியும் வியோம்கேஷை இந்த வட்டாரத்து ஹாரிஸன் ரோட்டு வாசியாகவே படைத்தார். ஹாஸ்ய எழுத்தாளரான சிப்ராம் சக்கரவர்த்தி முக்தாராம் பாபு தெருவில் ஒரு மெஸ்ஸின் அறையிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தார். காகிதமானால் தொலைந்துபோகும் என்று விலாசங்களையும் கணக்குகளையும் அறைச் சுவரிலேயே எழுதி வைப்பாராம். அவ்வித வீடுகளில் இன்று எஞ்சியவை சொற்பம். சில, சிறு விடுதிகளாக மாறியிருக்கின்றன. அப்படியொன்றின் இரண்டாவது மாடியில்தான், பச்சை வர்ணம் அடித்த மரச்சட்ட ஜன்னல்களும், உயர்ந்த கூரையும், இரும்புக் கிராதி போட்ட ஒற்றைப் பலகணியும் கொண்ட அறை எங்களுக்கு அகப்பட்டது. லிப்ட் இல்லை. குழாயில் வெந்நீர் வராது. சொன்னால் வாளியில் கொண்டுவந்து வைப்பார்கள்.

விடியற்காலையில் அந்தத் தெருக்களைப் பார்க்க வேண்டும். கங்கை ஜலத்தைச் சுத்திகரிக்காமல் தனிக் குழாய்களில் கொண்டுவந்து வீதி கழுவுகிற பழைய ஏற்பாடு அந்நகரில் இன்றும் இருப்பதால், நடைபாதையோரத்துக் குழாய்களிலிருந்து கலங்கல் நீர் குபுகுபுவென்று கொப்பளித்து ஓடும். கைரிக்ஷாக்காரர்களும் கடைப் பையன்களும் அதிலேயே ஸ்நானம் செய்வார்கள். காலேஜ் ஸ்குவேரின் குளத்தில் மார்கழிக் குளிரையும் பொருட்படுத்தாமல் நீந்துகிறவர்களைப் பார்த்துவிட்டு, உளுந்து அரைத்துப் பூரணமிட்ட கொசூரியும் கடலைப் பருப்புக் கூட்டும் தொன்னையில் வாங்கித் தின்றுவிட்டு நாங்கள் திரும்பும்போது, புத்தகக் கடைகள் இன்னும் பலகைகளைத் திறந்திருக்காது. பதினொரு மணிக்குமேல் கூட்டம் சேர்ந்த பிறகு கடை கடையாக ஏறி இறங்கி, வாங்கிய சுமையை மத்தியானம் அறையில் போட்டுவிட்டு ஒரு தூக்கம் போட முடிந்ததே, அதற்காக மட்டுமே அந்த வாடகையை இருமடங்காகக் கொடுத்திருப்பேன். மாலையில் 1918 முதல் இளநீர்ச் சர்பத்து விற்கும் பாரமவுண்ட் கடை. பிறகு 1876-இல் ஆல்பர்ட் ஹால் என்று ஏற்பட்ட மண்டபத்திலுள்ள காப்பிக் கடை. அங்கே காப்பி நம்மவர் நாக்குக்கு ஒத்துவராது. பேச்சு ஒத்துவரும், பாஷை புரியாவிட்டாலும்.

சாப்பாட்டுக்குப் 'பைஸ் ஹோட்டல்' எனப்படும் போஜனசாலைகள் இருக்கின்றன. பவானி தத்தர் சந்தில் ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல் என்று ஒன்று. சுபாஷ் சந்திர போஸ் மாணவராயிருந்த நாளில் சாப்பிட்ட இடமென்று பெருமையாகச் சொல்வார்கள். வாழையிலை போட்டுத்தான் பரிமாறுகிறார்கள். ஆனால் சோறு, பருப்பு, கறி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை, இலைக்கும் விலை! மீன் சாப்பிடாத என் மனைவி, வாழைப்பூக் கறியையும் கசகசா அரைத்த உருளைக்கிழங்கையும் கசப்பு ருசியுள்ள சுக்தோவையும் வைத்துக்கொண்டே நன்றாகச் சாப்பிட்டாள்.

இந்தப் பேட்டையை எல்லாக் காலத்துக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆவணியில் வந்தால், தண்டனியா காளி கோயில் பக்கமும் ஆம்ஹர்ஸ்ட் தெருவும் ஒரு பெருமழைக்கே முழங்காலளவு நீரில் மூழ்கிவிடும். துர்க்கா பூஜையின்போது காலேஜ் ஸ்குவேர்க் குளத்தைச் சுற்றிச் செய்கிற தீபாலங்காரத்தைக் காண வரும் ஜனத்திரளில், அறையை விட்டு இறங்கினால் மறுபடி ஏற முடியுமா என்பது சந்தேகம். ஞாயிற்றுக்கிழமையில் புத்தகக் கடைகள் அடைத்திருக்கும். அன்றுதான் தெற்கே போய்ச் சித்தப்பாவின் வீட்டில் சாப்பிட்டோம். மகாத்மா காந்தி ரோட்டைப் பார்த்த அறையை எவ்வளவு குறைந்த வாடகைக்குக் கொடுத்தாலும் ஏற்கக் கூடாது. பஸ்களின் ஊதல் நடுநிசி வரையில் ஓயாது.

அவர் வீட்டில் சாப்பிட்ட மறுநாள் சாயங்காலம் சித்தப்பாவே எங்கள் ஜாகையைப் பரிசோதிக்க வந்துவிட்டார். படிகளைச் சபித்துக்கொண்டே ஏறி, ஜன்னலைத் திறந்து மூடி, கட்டிலை அமுக்கிப் பார்த்து, வாடகை என்னவென்று கேட்டுக்கொண்டு, கீழே போய் மானேஜரோடு சரளமான வங்காளியில் கால்மணி நேரம் வாதாடி, வெந்நீர் வாளிக்குத் தனிக் கட்டணம் கிடையாதென்ற வாக்குறுதியோடு திரும்பினார். பிறகு பலகணியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"படிக்கட்டு ரொம்ப ஜாஸ்தி, மாப்பிள்ளை," என்றார். "காலையிலே அந்தக் கொசூரிக் கடை எத்தனை மணிக்குத் திறப்பான்?"

"ஆறரைக்கெல்லாம் போட்டுவிடுகிறான், மாமா."

முதல் மெட்ரோவைப் பிடித்தால் கடை திறந்த சற்று நேரத்துக்கெல்லாம் வந்துவிடலாம் என்று விரல்விட்டுக் கணக்குப் பார்த்துவிட்டு, பிளாஸ்கில் காப்பி மட்டும் தாம் கொண்டுவருவதாகச் சொல்லி எழுந்தார்.