எந்த மூட்டு வைப்பது?

அடுத்த வாரம் எனக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. "தங்க நிற மூட்டையே வையுங்கள் சார், செலவைப் பார்க்காதீர்கள்" என்று பலரும் போனில் சொன்னீர்கள். உங்கள் அன்புக்கு நன்றி.

பெரும்பாலோருக்கு வைப்பது கோபால்ட்-குரோமியம் உலோகம். நடுவில் பாலிஎத்திலீன் தட்டு. தங்க நிறம் என்பது டைட்டானியம் நைட்ரைடு போன்ற மேல்பூச்சு. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது உதவும்; எனக்கு அந்தத் தொல்லை இல்லை. தட்டு அசையும் வகை, அசையாத வகை என்றும் உண்டு. வலியிலும் நடையிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு வைத்தபோது கோபால்ட்-குரோமியம் 54,720 ரூபாய், டைட்டானியம் 76,600 ரூபாய், வரி தனி. எனவே சாதாரண வகையே போதும் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். மிச்சப் பணம் பிசியோதெரபிக்கு.

விலை உயர்ந்த நோட்டு வாங்கினால் மட்டும் கணக்கு வந்துவிடுமா? இனி போன் செய்தால், "வீட்டுப்பாடம் ஆச்சா சார்?" என்று கேளுங்கள்.